சிதறால் மலையில் சுவர் இல்லாத மியூசியம்!

1,100 ஆண்டுக்கு முன் பொன் கொடுத்த பெண் துறவி. பெயரைக் காப்பாற்றிய பாறை

மெட்ராசுக்கு முதல் தடவை போகிறவர்கள் மூன்று இடங்களைப் பார்க்காமல் ஊர் திரும்புவது இல்லை. ஒன்று கடற்கரை. இன்னொன்று "உயிர் காலேஜ்". மூன்றாவது "செத்த காலேஜ்".

உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். படிக்காத ஜனங்கள் வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு உண்மை இருக்கிறது. மியூசியத்தில் இருக்கும் பொருளுக்கு ஊர் இல்லை, வீடு இல்லை, கும்பிட ஆள் இல்லை. கண்ணாடிப் பெட்டியும் ஒரு சீட்டும்தான் உண்டு.

ஊரோடும், மலையோடும், ஆளோடும் இருக்கிற ஒரு மியூசியம் நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது. சுவர் கிடையாது. கண்ணாடிப் பெட்டியும் கிடையாது.

அதுதான் சிதறால் மலை!

"பஸ்சுல போவும்போது தெரியும்லா!"

நாகர்கோவில் பஸ்சில் இப்படி ஒரு பேச்சு எப்போது வேண்டுமானாலும் காதில் விழும்.

"அண்ணாச்சி, சிதறால் மலை பாத்திருக்கியளா?"

"ஏன் பாக்காம? அந்தப் பக்கம் போவும்போது தெரியும்லா!"

"அது சரி, மேல ஏறிப் பாத்தியளா?"

"அதுக்கு எங்க நேரம்? கடைய யாரு பாப்பா?"

அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. ஆறு நாள் கடை. ஏழாவது நாள் கல்யாண வீடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் கன்னியாகுமரி, திற்பரப்பு அருவி. அதோடு சரி.

அதே அண்ணாச்சி திருவனந்தபுரத்துக்குச் சரக்கு எடுக்கப் போனால் மியூசியம் பார்த்துவிட்டுத்தான் வருவார். சிவப்பும் மஞ்சளுமாக வரி வரியாக நிற்கும் அந்தக் கட்டிடத்தைக் கட்ட வரைபடம் போட்டவர் ராபர்ட் சிசோம். 1880-ம் ஆண்டு கட்டி முடித்தார்கள். மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். பக்கத்திலேயே 1935-ம் ஆண்டு திறந்த சித்திரா ஓவியக் கூடம். ரவிவர்மாவின் ஓவியங்களை அந்த வளாகத்தில் பார்க்கலாம்.

போகட்டும், நல்ல விஷயம்தான். மியூசியம் பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு எழும்பூரிலேயே ஒரு கதை இருக்கிறது.

சுண்ணாம்புக் காளவாயில் போன சிற்பங்கள்

எழும்பூர் மியூசியம் தொடங்கியது 1851-ம் ஆண்டு. கல்கத்தா மியூசியத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பழையது இதுதான். முதலில் இதைப் பார்த்துக்கொண்டவர் எட்வர்ட் பால்பர் என்கிற டாக்டர். மிருகக்காட்சி சாலையும் இந்த மியூசியம் வளாகத்தில்தான் ஆரம்பித்தது. பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போனது. 1985-ம் ஆண்டு வண்டலூருக்குப் போனது.

எழும்பூரில் எல்லோரும் நின்று பார்க்கும் இடம் அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த பெரிய புத்த ஸ்தூபத்தின் கற்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. வெள்ளைக் கல்லில் யானையும் ஆளும் உயிரோடு அசைகிற மாதிரி இருக்கும்.

அவை மெட்ராசுக்கு வந்த கதை சோகமானது. 1797-ம் ஆண்டு மெக்கன்சி என்கிற அதிகாரி அமராவதியில் அந்த மேட்டைப் பார்த்தார். அப்போதே உள்ளூர் ஜமீன்தார் புது ஊர் கட்டுவதற்காக அங்கிருந்து கல் எடுத்துக்கொண்டிருந்தார். 1816-ம் ஆண்டு மெக்கன்சி மறுபடியும் போனார். முன்பு பார்த்ததில் ஏராளமானவை காணாமல் போயிருந்தன. சிலது கட்டிடத்துக்குப் போனது. சிலது சுண்ணாம்புக்காகக் காளவாயில் போனது!

ஆம், சிற்பத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிவிட்டார்கள். அந்தச் சுண்ணாம்பு யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ!

1845-ம் ஆண்டு வால்டர் எலியட் என்கிற அதிகாரி தோண்டி எடுத்த கற்கள் மெட்ராசுக்கு வந்தன. அதில் ஒரு பங்கு பிறகு கப்பல் ஏறி லண்டனுக்குப் போனது. கப்பல் ஏறாமல் மெட்ராசிலேயே தங்கிய அமராவதிக் கற்கள்தான் எழும்பூரில் நாம் பார்ப்பது.

மியூசியம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அதனால் மியூசியத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஒரு கேள்வி. காளவாயும் இல்லாமல், மியூசியமும் இல்லாமல், 1,100 ஆண்டுகள் ஒரு சிற்பம் செய்த இடத்திலேயே இருக்க முடியுமா?

முடியும். சிதறாலில் இருக்கிறது.

மலை ஏறுவோம் வாருங்கள்

மார்த்தாண்டத்தில் இறங்கி பஸ் மாறினால் சில மைல் தூரம்தான் சிதறால். ரெயிலில் வருகிறவர்கள் குழித்துறை ஸ்டேஷனில் இறங்கலாம். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். கல் பாவிய நடைபாதை மேலே போகிறது. படி படியாகச் செங்குத்தாக ஏறும் பாதை அல்ல. வயதானவர்கள் கூட நிதானமாக நடந்தால் ஏறிவிடலாம். தண்ணீர் மட்டும் கையில் இருக்கட்டும். உச்சி வெயிலில் ஏறவேண்டாம். பாறை கொதிக்கும்.

உள்ளூரில் சிலர் இதைச் சொக்கன்தூங்கி மலை என்பார்கள். பழைய கல்வெட்டில் உள்ள பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமணத் துறவிகளில் ஒரு வகையினர். வானத்தில் நடமாடும் சக்தி பெற்றவர்கள் என்பது சமணர்களின் நம்பிக்கை. அவர்கள் தங்கிய மலை, அதனால் திருச்சாரணத்து மலை.

மேலே போனதும் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற மாதிரி சந்து. அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தால், பாறைச் சுவர் முழுக்கச் சிற்பங்கள்!

வரிசையாக உட்கார்ந்த தீர்த்தங்கரர்கள். தீர்த்தங்கரர் என்றால் சமண சமயத்தின் குருமார்கள். மொத்தம் 24 பேர். முதல்வர் ஆதிநாதர், கடைசியில் வந்தவர் மகாவீரர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மூன்று அடுக்குக் குடை. உடம்பில் நகை இல்லை, துணி இல்லை. முகத்தில் அப்படி ஒரு அமைதி.

ஒருவர் மட்டும் நிற்கிறார். தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்திருக்கிறது. அவர் 23-வது தீர்த்தங்கரர் பார்சுவநாதர். பாம்பைப் பார்த்தால் அவர்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

சிங்கத்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பெண் நிற்கிறாள். அவள் அம்பிகை. தீர்த்தங்கரருக்குக் காவல் தெய்வம். இப்படிப்பட்ட பெண் தெய்வத்தைச் சமணர்கள் "இயக்கி" என்பார்கள்.

இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு ஒன்று தோன்றுகிறது அல்லவா? குமரி மாவட்டத்தில் ஆலமரத்தடியிலும் வயல் வரப்பிலும் தெருமுக்கிலும் குழந்தையோடு நிற்கிறாளே, அந்த இசக்கி அம்மன்! "இயக்கி" என்ற சொல்தான் "இசக்கி" ஆனது என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. நாம் பொங்கல் இட்டுக் கும்பிடும் சாமிக்கும் இந்தப் பாறைக்கும் இப்படி ஒரு உறவு!

சிற்பத்துக்குக் கீழே சீட்டு

மியூசியத்தில் சிலைக்குக் கீழே சிறு சீட்டு ஒட்டியிருப்பார்கள். என்ன சிலை, எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டை எழுதியவர் மியூசியம் அதிகாரி.

சிதறாலிலும் சிற்பத்துக்குக் கீழே சீட்டு உண்டு. ஆனால் அதை எழுதியவர்கள் சிற்பம் செய்வித்த ஆட்கள்! இன்னார் செய்தது என்று சுருக்கமாகப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெயர் அச்சணந்தி.

யார் இந்த அச்சணந்தி? சமணத் துறவி. மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் பலவற்றிலும் இந்தப் பெயர் வெட்டப்பட்டு இருக்கிறது. பஸ் இல்லாத காலத்தில், ரெயில் இல்லாத காலத்தில், மதுரை மலைகளில் தெரிந்த பெயர் சிதறால் வரைக்கும் தெரிந்திருக்கிறது!

எழுத்தைப் பார்த்து, "இது என்ன மலையாளமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. எழுத்து வட்டெழுத்து. மொழி தமிழ். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் அந்தக் காலத்தில் தமிழை அந்த எழுத்தில்தான் எழுதினார்கள். வளைந்து வளைந்து இருப்பதால் நமக்குப் படிக்க வரவில்லை. அவ்வளவுதான்.

பொன் கொடுத்த குரத்தி

இந்த மலையில் உள்ள கல்வெட்டுகளில் மனதைத் தொடுவது ஒன்று.

ஆய் வம்சத்து அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-வது ஆட்சி ஆண்டு. இன்றைக்கு ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பு. பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரருடைய மாணவி குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்து மலையில் உள்ள பட்டாரிக்குப் பொன் அணிகள் கொடுத்தார். இதுதான் செய்தி.

பட்டாரி என்றால் பெண் தெய்வம். குரத்தி என்றால் பெண் குரு. "குரவர்" என்ற சொல்லுக்குப் பெண்பால். அதாவது, அந்தக் காலத்தில் ஒரு பெண் துறவி ஆகலாம். குருவிடம் படிக்கலாம். தானே குரு ஆகலாம். கோவிலுக்குத் தானம் கொடுக்கலாம். அதைத் தன் பெயரிலேயே கல்லில் வெட்டவும் செய்யலாம்!

அந்தக் கல்வெட்டில் புருஷன் பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. அவருக்கு அடையாளம் அவருடைய ஆசிரியர்தான்.

இது ஏதோ ஒரு பெண்ணின் தனிக்கதை என்றும் நினைக்க வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில் உள்ள சமணச் சிற்பங்களுக்குக் கீழே "திருச்சாரணத்துக் குரத்திகள்" என்ற பெயர் இருக்கிறது. சிதறால் மலையைச் சேர்ந்த பெண் குரு கழுகுமலையில் சிற்பம் செய்வித்திருக்கிறார். இந்த மலையின் புகழ் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

படிப்புக்குப் பெயர் போன பகுதி இது. இதே விளவங்கோடு வட்டாரத்தில் பார்த்திவசேகரபுரம் என்ற ஊரில் 866-ம் ஆண்டு ஆய் அரசன் கருநந்தடக்கன் ஒரு சாலை அமைத்தான். சாலை என்றால் ரோடு அல்ல, கல்விக்கூடம். 95 மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டுப் படிக்க வைக்க ஏற்பாடு. ஒரு பக்கம் வேதம் படிக்கும் சாலை, இன்னொரு பக்கம் சமணர் மலை. இரண்டும் ஒரே வட்டாரத்தில், ஒரே அரச வம்சத்தின் நாட்டில்!

யார் படித்துச் சொன்னது?

இதை எல்லாம் நமக்குப் படித்துச் சொன்னவர்களை மறக்கக்கூடாது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை இந்தப் பகுதி திருவாங்கூரோடு இருந்தது. 1908-ம் ஆண்டு திருவாங்கூர் சமஸ்தானத்தின் தொல்லியல் அதிகாரியாக வந்தவர் து.அ.கோபிநாத ராவ். சிதறால் கல்வெட்டுகளை அச்சில் ஏற்றியவர் அவர்தான்.

கல்வெட்டை எப்படிப் படி எடுக்கிறார்கள் தெரியுமா? முதலில் பாறையைத் தூரிகையால் சுத்தம் செய்வார்கள். நனைத்த காகிதத்தை அதன்மேல் பரப்புவார்கள். தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்படி செய்வார்கள். ஈரம் சற்றுக் காய்ந்ததும் மை தொட்ட பஞ்சுப்பொதியால் மெதுவாக ஒற்றுவார்கள். மேடான இடத்தில் மட்டும் மை பிடிக்கும். எழுத்து இருக்கும் பள்ளம் வெள்ளையாக நிற்கும். உரித்து எடுத்தால், கறுப்புக் காகிதத்தில் வெள்ளை எழுத்து!

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. எழுத்தின் பள்ளம் மிகக் குறைவு. அதன்மேல் ஒரு ஆணியால் கோடு கிழித்தால் போதும், ஒரு எழுத்து இன்னொரு எழுத்தாகிவிடும். ஒரு ஆளின் பெயரே மாறிவிடும்.

பகவதி காப்பாற்றினாள்

சிற்பங்களைத் தாண்டிப் போனால் கோவில். தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாறைதான் கூரை. அதன் கீழே கருவறைகள். முன்னால் கல் மண்டபம். பாறையின் உச்சியில் இடிந்த செங்கல் விமானம். பக்கத்தில் சின்னக் குளம். அங்கே நின்று பார்த்தால் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, கீழே குழித்துறைத் தாமிரபரணி ஆறு. காற்று ஆளைத் தள்ளும்.

சமணக் கோவிலாக இருந்த இது, 13-ம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோவிலாக மாறியது என்கிறார்கள். சமணர்களின் இயக்கி, ஜனங்களுக்குப் பகவதி ஆனாள். ஆனால் அந்த மாற்றத்தில் பழைய தீர்த்தங்கரர்களை யாரும் உடைத்துப் போடவில்லை. மகாவீரரும் பார்சுவநாதரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். பகவதிக்குப் பூசை நடக்கிறது.

அமராவதியில் கும்பிட ஆள் இல்லாமல் போனது. கல் காளவாய்க்குப் போனது. சிதறாலில் விளக்கு ஏற்ற ஆள் இருந்தது. கல் தப்பித்தது. விஷயம் இவ்வளவுதான்.

நாகர்கோவில்காரர்களுக்கு இதேபோல் இன்னொரு சாட்சியும் உண்டு. கோட்டாறு பக்கம் நாகராஜா கோவில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்களுக்குக் கொடுத்த தானம் பற்றி 16-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பால் ஊற்றப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தூணைப் பார்த்திருப்பார்கள்?

ஒரு நாளில் பார்க்கலாம்

நாகர்கோவிலில் இருந்து காலையில் கிளம்பினால் ஒரே நாளில் இரண்டு இடம் பார்த்துவிடலாம். வெயில் ஏறும் முன்பு சிதறால் மலை. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போதுதான் கல்வெட்டு கண்ணுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை. 1795-ம் ஆண்டு வரை திருவாங்கூரின் தலைநகரம். இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது; பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மர வேலைக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. வளாகத்தில் உள்ள மியூசியத்தில் கற்சிலைகளும் கல்வெட்டுகளும் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, போய் ஏமாற வேண்டாம். எழும்பூர் மியூசியத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை.

மலையில் பார்த்துவிட்டு மியூசியத்துக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் சிலையைப் பார்த்ததும், "இது எந்த மலையில் இருந்ததோ? யார் கொடுத்த காசோ?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் செத்த காலேஜுக்கு உயிர் வந்துவிடும்.

காவல்காரர் நீங்கள்தான்

கடைசியாக ஒரு வார்த்தை.

தமிழ்நாட்டில் சமணர் குகை உள்ள மலைகள் பலவற்றில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பாறையில் இதயம் வரைந்து அம்பு விட்டு, இரண்டு பெயர் எழுதியிருப்பார்கள். பெயிண்டில் கொஞ்சம், ஆணியால் கொஞ்சம். 2,000 ஆண்டுத் தமிழ் எழுத்தின் பக்கத்திலேயே கிறுக்கி வைத்தவர்கள் உண்டு.

சிதறால் மலை மத்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள சின்னம். இப்படிப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2010-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா?

கூட வருகிற பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லவேண்டும். "தொடாதே" என்று மட்டும் சொன்னால் கேட்காது. குரத்தியின் கதையைச் சொல்லுங்கள். கல்வெட்டு சரியாகத் தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், எண்ணெய் ஊற்ற வேண்டாம். போட்டோ எடுங்கள், போதும்.

பாறையில் பெயர் எழுத எல்லோருக்கும் ஆசைதான். குணந்தாங்கிக் குரத்திகளும் எழுதினார். ஆனால் கையில் இருந்த பொன்னைக் கொடுத்துவிட்டு எழுதினார். அதனால்தான் 1,100 ஆண்டு கழித்தும் அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்கிறோம்.

ஒன்றும் கொடுக்காமல் ஆணியால் கீறிவிட்டுப் போகிறவனின் பெயரை யார் சொல்லப் போகிறார்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கடைக்கு லீவு விடட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறட்டும். அடுத்த தடவை பஸ்சில் யாராவது கேட்டால், "பாத்தேன்லா! மேல ஏறியே பாத்தேன்!" என்று சொல்லலாம்.